மொச்சை சலசலக்கும் வரை

ஆடியில் வேலியோரம் இரண்டு மொச்சை விதை ஊன்றினேன். புரட்டாசி முடிகிறவரை கொடி பந்தலை மூடியதே தவிர, ஒரு பூ இல்லை. "மலட்டுக் கொடி, பிடுங்கிப் போடு" என்றார்கள் வீட்டில். நல்லவேளை, மனசு வரவில்லை. நாட்டு மொச்சை பகல் பொழுது குறையக் குறையத்தான் பூக்கும். அதற்கு முன் எவ்வளவு எரு கொட்டினாலும் இலைதான் தழைக்கும். கார்த்திகையில் பூத்தது. பொங்கல் குழம்புக்குப் பச்சை மொச்சையும் கிடைத்தது.

எல்லாவற்றையும் பச்சையாகப் பறித்துவிடாதீர்கள். பாதியைக் கொடியிலேயே விடுங்கள். தோல் பழுப்பேறி, காதருகே ஆட்டினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். பனி ஈரம் போனபின் பறித்து, உரித்து, வெயிலில் காயவையுங்கள். கடித்தால் பல் பதியக்கூடாது.

அப்புறம், வண்டு. டப்பாவுக்குள் எங்கிருந்தோ வந்துவிட்டதாக நினைக்கிறோம். அது தோட்டத்திலேயே காயின்மேல் முட்டையிட்டுவிடுகிறது. புழு விதைக்குள் புகுந்து வளர்ந்து, வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அதனால் நன்றாகக் காய்ந்த விதையை டப்பாவில் இறுக மூடி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்க வேண்டாம், வேர்த்துவிடும். குளிர் விட்டபின் திறக்கலாம்.

குழம்புக்கு முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். அதற்கு முன், அடுத்த ஆடிக்கு ஒரு கைப்பிடி விதையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.