ஓய்வு நாளுக்கும் கணக்கு உண்டு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம். புகழனைத்தும் அவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

சற்று முன்னர் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. நீங்களும் ஒப்புதல் அளித்தீர்கள். பணத்திற்குக் கணக்கு இருப்பதைப் போலவே நேரத்திற்கும் கணக்கு உண்டு. வாழ்நாளையும், குறிப்பாக இளமையையும், எவ்வழியில் கழித்தோம் என்று மறுமையில் வினவப்படுவோம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

நம் வட்டாரத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் உழைப்போருக்குச் சனிக்கிழமை மாலையில்தான் வாரக் கூலி கைக்கு வருகிறது. மறுநாள் விடுமுறை. ஓர் இளைஞனின் கையில் பணமும் பொழுதும் ஒருசேர வந்து சேரும் வேளை அதுவே. அந்த வேளையில் பள்ளிவாசல் அவனை அழைக்காவிட்டால் வேறொரு வாசல் அழைத்துக்கொள்ளும். மதுக்கடை வாசலுக்கு விளம்பரம் தேவையில்லை. கைபேசித் திரையோ வீட்டிற்குள்ளேயே வந்துவிட்டது.

நம்மைச் சூழ வாழும் மக்கள் தங்கள் கலைகளை எவ்வாறு பேணுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி பிறந்துவிட்டால் சின்னஞ்சிறு பிள்ளைகளும் ஆண்டாளின் முப்பது பாசுரங்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய பி. எஸ். குமாரசுவாமி ராஜா, இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்திற்காகக் கொடுத்தார். மக்கள் கூடிக் கேட்கவும் கற்கவும் ஓரிடம் வேண்டுமென்று கருதி ஒருவர் வீட்டையே ஈந்தார். நாமோ, கட்டிய மதரஸா கூடத்தை ஞாயிறு மாலையில் பூட்டி வைத்திருக்கிறோம்.

நமக்குக் கலைச்செல்வம் இல்லையா? நிறையவே உண்டு. 1572-ஆம் ஆண்டிலேயே வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா மதுரையில் அரங்கேறியது. அண்டை மாவட்டத்து எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர், 5,027 விருத்தங்களில் சீறாப்புராணத்தைப் பாடினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களாக அது விரிகிறது. சுவடிகளில் கிடந்த அக்காப்பியத்தைப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் 1842-ஆம் ஆண்டில் அச்சேற்றினார்கள். கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் எனப் புதிய இலக்கிய வகைகளையே தமிழுக்கு வழங்கிய சமுதாயம் நம்முடையது.

ஆண்கள் மட்டுமா? தென்காசி இரசூல் பீவி, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள், கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா ஆகியோர் மெய்ஞ்ஞானப் பாடல்கள் புனைந்த பெண்மணிகள். நூறு மசலாவை இரவு வேளைகளில் ஒருவர் ராகமிட்டு வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்ட வீடுகள் அநேகம். அதனை நினைவில் வைத்திருக்கும் மூதாட்டியர் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அவர்களோடு அந்த ராகமும் மண்ணுக்குள் போய்விடக் கூடாது. நூலை மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். ராகத்தை எந்த அச்சகத்தில் அச்சிடுவது?

“இது மார்க்கத்திற்கு ஏற்றதா?” என்று சில சகோதரர்கள் வினவினார்கள். நல்ல கேள்வி, கேட்கத்தான் வேண்டும். திருக்குர்ஆனின் 26-ஆம் அத்தியாயத்திற்கே அஷ்ஷுஅரா, அதாவது கவிஞர்கள் என்று பெயர். அதன் இறுதி வசனங்கள் மனம்போன போக்கில் அலையும் கவிஞர்களைக் கண்டிக்கின்றன. ஆயினும் ஈமான் கொண்டு நற்செயல் புரிவோருக்கு அங்கேயே விலக்கும் அளிக்கப்பட்டுள்ளது. கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியில் மேடை அமைக்கப்பட்டது. பெருநாளன்று அபிசீனியர்கள் அதே பள்ளியில் ஈட்டி கொண்டு வீரவிளையாட்டு நிகழ்த்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டு மகிழ நபிகளார் (ஸல்) வகை செய்தார்கள். ஆகவே தடுக்கப்பட்டது ஆபாசமும் வீணும் வரம்பு மீறலுமே; அழகிய சொல்லும் உடற்பயிற்சியும் அல்ல.

“இது பள்ளிவாசலின் வேலையா?” என்பது மற்றொரு கேள்வி. பிள்ளைகள் கெட்ட பின்னர் பஞ்சாயத்து பேசுவது நம் வேலை என்றால், கெடாமல் காப்பதும் நம் வேலையே.

எனவே இப்பொதுக்கூட்டத்தின் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிப் பாங்கிற்கு முன் நிறைவுறுமாறு மதரஸா கூடத்தில் ஓர் அமர்வு நடைபெற வேண்டும். முதலில் மாணவர் ஒருவரின் கிராஅத். அடுத்துச் சீறாப்புராணத்திலிருந்து பத்து விருத்தங்கள்; ஒருவர் ராகத்தோடு ஓத, மற்றொருவர் பொருள் சொல்ல வேண்டும். பின்னர் சிறுவர் சிறுமியரின் பேச்சும் பைத்தும். இளைஞர்களுக்கு வெளித்திடலில் சிலம்பப் பயிற்சி. தாய்மார்களுக்குத் தனி அமர்வு. அங்கே மூதாட்டியர் ஓத, இளம்பெண்கள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கைபேசியில் குரலையும் பதிவு செய்யட்டும். பழிக்கப்படும் கைபேசி ஒரு நற்பணிக்கும் பயன்படட்டுமே!

நிபந்தனைகளும் உண்டு. இதற்கென வீடு வீடாகத் தனி வசூல் கூடாது. ஒலிபெருக்கி கூடத்திற்குள் மட்டுமே ஒலிக்க வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயாளிகளும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். இசைக்கருவிகளில் இமாம்கள் வகுத்த வரம்பைப் பேணி, தஃப் ஒன்றோடு நிறுத்திக்கொள்வோம். பொன்னாடையும் நீண்ட வரவேற்புரையும் வேண்டாம். பிறசமயச் சகோதரர்களுக்கும் அழைப்பு உண்டு. உமறுப்புலவரின் தமிழ் அவர்களுக்கும் உரிய தமிழே.

செலவு தேநீரும் சுண்டலும் மட்டுமே. ஆனால் பணத்தைவிட அரிய ஒன்றை உங்களிடம் கேட்கிறோம். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்துவிடாதீர்கள். தந்தை வந்து அமரும் சபையில்தான் மகனும் அமர்வான். முதல் மாதம் பத்துப் பேர் வந்தால் போதும். அந்தப் பத்துப் பேரும் அடுத்த மாதமும் வர வேண்டும்.

நம் நேரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம் இளைஞர்களைத் தீயவற்றிலிருந்து காத்து, நல்ல சொல்லும் நல்ல நட்பும் உடையோராக ஆக்கியருள்வானாக! முன்னோர் விட்டுச் சென்ற செல்வத்தைப் பின்னோரிடம் பத்திரமாக ஒப்படைக்கும் நற்பேற்றை நமக்கு நல்குவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.