கட்டுத்தறியும் கடற்காற்றும்



மகாவீரர் ஜயந்தி முடிந்த சில வாரங்களில் கத்திரி வெயில் தொடங்கிவிடும். ஜினாலயத்தில் பாலாபிஷேகம் கண்டு மகிழும் கண்கள், அப்பாலைச் சுரந்த பசு அந்நாட்களில் எங்கே நிற்கிறது என்பதையும் காண வேண்டும்.

இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துள்ளார்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல். அடித்தலும் அறுத்தலும் சமணக் குடும்பங்கள் கனவிலும் கருதாதவை. முதலும் கடையுமோ அறியாமலே நேரக்கூடியவை. நண்பகலில் தகரக் கூரையின்கீழ், தொட்டி எட்டாதபடி குறுங்கயிற்றில் கட்டுண்ட பசு அவ்விரண்டையும் ஒருசேர அனுபவிக்கிறது.

பசுவின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். மனிதரைப்போல் அதற்குப் பெருக வியர்ப்பதில்லை. தின்ற தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது உள்ளிருந்தும் வெப்பம் எழுகிறது. ஆங்கிலக் கால்வாய்த் தீவொன்றில் தோன்றிய ஜெர்சியின் கலப்பினங்களுக்கு, நாட்டுமாட்டைவிட இத்துன்பம் மிகுதி.

இனி, மரக்காணத்துக்கு வருவோம். பாத்தியில் உப்பு விளைய வெயில் மட்டும் போதாது, காற்றும் வீச வேண்டும் என்பது உப்பளத்தார் அறிந்த உண்மை. பசுவைக் குளிர்விப்பதும் அவ்வாறே. நீர் ஆவியாகும்போதுதான் உடல்வெப்பத்தைக் கொண்டுசெல்லும். ஈரம் செறிந்த கடலோரக் காற்று அசையாது நிற்கும் கொட்டகையில் நீரைத் தெளித்தால் புழுக்கமே மிகும். பனிபோன்ற மென்தூவல் மயிரின்மேல் தங்குவதும் பயனற்றது. தோல் நனையுமளவு ஊற்றிப் பின் காற்றுப்பட விட வேண்டும். நீருயிர்களை எண்ணுவோர்க்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு: காற்று துணைநின்றால் சிறிதளவு நீரே போதும்.

ஆதலால் முதற்பணி, கிழக்கிலும் தெற்கிலும் அடைத்த சுவரைத் திறந்துவிடுதல். பிற்பகலில் கடற்காற்று அவ்வழியே வரும். வராத நாளில் மின்விசிறி வேண்டும். உப்புக்காற்றில் தகரம் துருப்பிடிப்பதைக் கண்டவர்கள் கீற்றுக்கூரையின் அருமையை உணர்வர். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ இருந்தால் மேலே தென்னங்கீற்றைப் பரப்பலாம், வெள்ளையும் அடிக்கலாம்.

வைக்கோலைக் காலை பத்து மணிக்கு இடுவது பழக்கமாயிருக்கலாம். அதன் நொதிவெப்பம் உச்சிவெயிலோடு சேரும். விடியலிலும் அந்திக்குப் பின்னும் இடுவதே தகும். கறவைப்பசு கோடையில் நாளொன்றுக்கு 60 லிட்டருக்கும் மேல் நீர் பருகக்கூடும். அளத்தருகே கிணற்றுநீர் கரித்தால் அது குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். நன்னீரை நிழலில், இரவிலும் எட்டும்படி வைத்தல் வேண்டும்.

பசு வாய்திறந்து கேட்பதில்லை. வாய்திறந்து இரைக்குமாயின் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு முன்பே விலாவைப் பார்த்து ஒரு நிமிட மூச்சை எண்ணலாம்; 60-ஐத் தாண்டினால் உடனே நீரூற்றிக் காற்றில் நிறுத்த வேண்டும். இதற்குக் கருவியெதுவும் வேண்டா, வீட்டுச் சிறுவரே எண்ணிச் சொல்லிவிடுவர்.