ரோடு ஏற்கனவே குறுகல்தானே?

ரோட்டைக் குறுக்கணும்னு நான் சொன்னாலே கல்மண்டபம் நண்பர்கள் சிரிக்கறாங்க. "ஏற்கனவே அப்படித்தானேப்பா இருக்கு, இன்னும் என்ன குறுக்கறது?" நியாயமான கேள்வி. இன்னைக்கு அதுக்குத்தான் பதில்.

முதல்ல கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி விநாடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் போகும். 30-ல வந்தா 8 மீட்டர்தான். தலையில கூடையோட ஒரு ஆயா விநாடிக்கு ஒரு மீட்டர் நடக்கறாங்கன்னு வைங்க. 14 மீட்டர் ரோட்டைத் தாண்ட 14 விநாடி. முனையில ரெண்டு பக்கமும் நடைபாதையை நீட்டி ரோட்டை 7 மீட்டர் ஆக்கினா, வண்டிக்கு எதிர்ல இருக்கற நேரம் பாதியாயிடும்.

பஸ்ஸோட அகலம் சுமார் இரண்டரை மீட்டர். மூணேகால் மீட்டர் தடம் அதுக்குத் தாராளம். அதுக்கு மேல குடுக்கற இடம் எல்லாம் வேகமாத்தான் மாறும்.

கல்மண்டபத்துல நடந்திருக்கறது வேற. பகல்ல பைக்கும் ஆட்டோவும் நின்னு ரோடு குறுகுது. நடக்கறவங்க நடு ரோட்டுக்கு வர்றாங்க. ராத்திரி கடை மூடி பைக்கெல்லாம் கிளம்பினதும், அதே ரோடு அகலமாயிடுது, வண்டி பறக்குது. ரெண்டு வேளையும் நஷ்டம் நடக்கறவங்களுக்குத்தான். நான் கேக்கறது, அந்த இடத்தை நிரந்தரமா நடைபாதையாக் கட்டணும்னு.

இது கனவு இல்ல. நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு சென்னை மாநகராட்சி 2014-லயே ஒரு கொள்கை கொண்டுவந்தது. 2019-ல பாண்டி பஜார்ல வண்டிப் பாதையைக் குறைச்சு நடைபாதையை அகலமாக்கினாங்க. நம்ம பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்கும் அதே மாதிரி திட்டம் அறிவிச்சாங்க.

ஆனா ஒண்ணு. பாண்டி பஜார்ல நடைபாதை வியாபாரிகளை 2013-லயே ஒரு கட்டடத்துக்குள்ள மாத்திட்டாங்க. இங்க மீன், காய் விக்கற அம்மாக்களை அப்படி அனுப்பிட்டா, யாருக்காக இந்த நடைபாதை? 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவுல குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிகளோட பிரதிநிதிகள் இருக்கணும். வரைபடம் போடறதுக்கு முன்னாடி அவங்களைக் கேக்கணும்.

துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் டிரெய்லர் திரும்ப பெரிய வளைவு வேணும். அதனால எண்ணூர் விரைவுச் சாலையில இதே வைத்தியம் சரிவராது. கடைத்தெருவுக்கும் உள் தெருவுக்கும்தான் இது.

இந்த வாரம் உங்க தெருமுனையைத் தாண்ட எத்தனை விநாடி ஆகுதுன்னு எண்ணிப் பாருங்க. காலையில ஒரு தடவை, ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை. எங்களுக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.