காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கல்லூரியில் நான் படித்தது ஒரே ஒரு வருஷம்தான். 1976-77-ல் பி.யு.சி. அந்த ஒரு வருஷத்தில் நான் சம்பாதித்த பட்டம் 'வாயாடி'. அடுத்து மைசூர் போய் 'ஸ்பீச் அண்ட் ஹியரிங்' படிக்கப் போகிறேன் என்றதும் தோழிகள், "ஏண்டி, நீ இன்னும் பேசக் கத்துக்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மேடைப் பேச்சுக்குத்தான் ஏதோ காலேஜ் வைத்திருக்கிறார்கள் என்று உறவினர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நம் செயலாளர், "பேச்சு சிகிச்சையாளர் ஆக என்ன படிக்கணும், எப்படிப் படிக்கணும்னு பசங்களுக்குச் சொல்லுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார். என்ன படித்தேன் என்பதைச் சுருக்கமாகவும், எதைக் கற்றுக்கொண்டேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவும் சொல்கிறேன்.

மைசூர் மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1965-ல் தொடங்கப்பட்டது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. அங்கே மூன்று வருஷம் பி.எஸ்ஸி., பிறகு இரண்டு வருஷம் எம்.எஸ்ஸி. படித்தேன். நாக்கு, தொண்டை, காது, மூளை இவற்றின் அமைப்பு ஒரு பக்கம். ஒலியியல், மொழியியல், உளவியல் இன்னொரு பக்கம். எம்.எஸ்ஸி.யில் திக்குவாய், குரல் கோளாறு, அண்ணப் பிளவு, மூளை பாதிப்பால் வரும் பேச்சிழப்பு என்று ஒவ்வொன்றையும் ஆழமாகப் படிக்க வேண்டும். கூடவே ஓர் ஆய்வேடு.

வகுப்பைப் போலவே கிளினிக்கும் கட்டாயம். அங்கே வருபவர்கள் பெரும்பாலும் கன்னடம் பேசுபவர்கள். ஆகவே முதலில் நான் கன்னடம் கற்றேன். நாலு வயசுக் குழந்தைக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கப் போய், அந்தக் குழந்தை என் கன்னடத்தைத் திருத்திய கதையெல்லாம் உண்டு!

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

1981. எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். பயிற்சிக்காக வெளியே ஒரு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னால் எண்ணிவிடுவார். ஆனால் தானாக ஒரு வார்த்தை சொல்ல முயன்றால் வராது. இதற்கு 'அஃபேசியா' என்று பெயர். 1861-ல் பாரிஸில் டாக்டர் புரோக்கா இப்படி ஒரு நோயாளியைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் 'டான்' என்ற ஓர் அசைதான். அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்து, இடது பக்க முன்பகுதியில் பாதிப்பு இருப்பதைப் புரோக்கா கண்டார். இதையெல்லாம் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். தமிழ் நோயாளி வேறு. எனக்கு ஒரே உற்சாகம்.

படங்களைக் காட்டினேன். அவர் திணறினார். நானே சொல்லிக் கொடுத்தேன். "குடை ஐயா, குடை. மழைக்குப் பிடிப்போமே!" நான் விட்ட இடத்தை அவர் மனைவி நிரப்பினார். முக்கால் மணி நேரம் முடிந்தது. பிரமாதமாகச் செய்துவிட்டதாக நினைத்து வெளியே வந்தேன்.

மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மேற்பார்வையாளர் மேடம் கடிகாரத்தைக் காட்டினார். "நாற்பத்தைந்து நிமிஷத்தில் நீ பேசியது முப்பத்தைந்து நிமிஷம். நோயாளி அவரா, நீயா?"

நான் அன்றிரவு விடுதியில் சாப்பிடவில்லை. பேச்சுத்தான் என் பலம் என்று நம்பியிருந்தவள் நான்.

அடுத்த முறை மேடம் சொன்னபடி செய்தேன். ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ண வேண்டும். அந்த அம்மாவிடமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டேன், "நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா" என்று. பத்து எண்ணுவது இவ்வளவு நீளமா என்று அன்றுதான் தெரிந்தது.

"ஐயா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

ஏழு, எட்டு... "கா...ப்பி" என்றார். அந்த அம்மா சந்தோஷத்தில், "ஆமாம்மா, ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டாத்தான் குடிப்பார்" என்றார். பெரியவர் தலையை ஆட்டினார். இல்லை என்று. நாங்கள் காத்திருந்தோம். பத்தைத் தாண்டிவிட்டது. முகம் சிவந்து, கை நடுங்கி, கடைசியில் வந்தது.

"சக்கரை... கம்மி."

நோய் வந்தபின் அவருக்கு இனிப்பு பிடிக்காமல் போயிருக்கிறது. ஆறு மாதமாக, பிடிக்காத காப்பியைச் சொல்ல வழியில்லாமல் குடித்திருக்கிறார். "அய்யோ, நீங்க சொல்லவே இல்லியே!" என்று அந்த அம்மா அழுதுவிட்டார். எங்களில் யாரும் அவரைச் சொல்ல விட்டால்தானே!

அவருக்கு முழுப் பேச்சும் திரும்பி வரவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் தன் வீட்டில் தன் விருப்பத்தைச் சொல்லும் அளவுக்கு வந்தது. அதற்குப் பல மாதங்கள் பிடித்தன.

மாணவச் செல்வங்களே, இன்று இந்தப் படிப்புக்கு மைசூர்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னையிலேயே படிக்கலாம். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவர்கள் பி.ஏ.எஸ்.எல்.பி. சேரலாம். பயிற்சிக் காலத்தோடு சேர்த்து நான்கு வருஷம். பிறகு இரண்டு வருஷ எம்.எஸ்ஸி.யில் பேச்சு, கேட்டல் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. 1992-ல் வந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய முடியும். காது கேளாத குழந்தைகளுக்கு இன்று காக்ளியர் இம்பிளான்ட் வைக்கிறார்கள். கருவி ஒலியைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த ஒலியை மொழியாக்க, எதிரே ஒருவர் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. அப்படி உட்காரத் தயாரானவர்கள் வாருங்கள்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். திக்கிப் பேசும் நண்பனோ, பக்கவாதம் வந்த தாத்தாவோ வார்த்தைக்குத் தவிக்கும்போது, உதவி என்று நினைத்து நீங்கள் அதை முடித்து வைக்காதீர்கள். பத்து வரை எண்ணுங்கள். போதவில்லையா, இன்னொரு பத்து எண்ணுங்கள்.

வாயாடிக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.