நீலகிரித் தைலம்: எதற்கு, எவ்வளவு?

ஊட்டிக்குப் போய் வருகிறவர்கள் வர்க்கியும் தேயிலைத் தூளும் வாங்கும்போது கூடவே ஒரு புட்டி நீலகிரித் தைலமும் வாங்கிவிடுவார்கள். ஆனால் அந்தத் தைலத்தைத் தரும் யூகலிப்டஸ் மரம் நீலகிரிக்கு வந்து இன்னும் இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை.

மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. அங்குள்ள பழங்குடி மக்கள் அதன் இலையைச் சளிக்கும் காய்ச்சலுக்கும் பயன்படுத்தி வந்தார்கள். 1788-ல் ஆங்கிலேயரின் முதல் கப்பல்களோடு சிட்னி போய்ச் சேர்ந்த மருத்துவர் ஜான் வைட், அந்த இலையின் எண்ணெயில் கொஞ்சம் இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1850-களில் விக்டோரியாவில் அதைத் தொழிலாக நடத்திக் காட்டியவர் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளர். நீலகிரிக்கு மரம் வந்தது 1843 வாக்கில். தைலத்துக்காக அல்ல, விறகுக்காக! சோலைக் காடுகள் வெட்டப்பட்டுவந்த மலையில், சீக்கிரம் வளரும் மரம் தேவைப்பட்டது. தைலம் அதற்குப் பிறகு கிடைத்த லாபம்.

தைலம் காய்ச்சுவது பார்க்க எளிது. செய்யக் கைப்பழக்கம் வேண்டும். கொப்பரையில் இலையைத் திணித்து, தண்ணீர் விட்டு, மூடி, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியே குளிர்ந்த நீர்த்தொட்டியைக் கடந்து நீராகவும் தைலமாகவும் வடியும். தைலம் லேசானது, மேலே மிதக்கும். இலையைத் தளர்வாக அடைத்தால் ஆவி இடைவெளி பார்த்து ஓடிவிடும். இலையில் தைலம் தங்கிவிடும். நூறு கிலோ இலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிலோதான்.

சரி, இது எதைக் குணமாக்கும்? இதன் உயிர் சினியோல் என்ற பொருள். மருந்துத் தரமுள்ள தைலத்தில் அது நூற்றுக்கு எழுபது பங்காவது இருக்க வேண்டும். முகர்ந்ததும் மூக்கு திறந்துகொண்டதாகத் தோன்றுகிறதே, அது பெரும்பாலும் மூக்கினுள் குளிர்ச்சியை அறியும் நரம்புகளின் வேலை. அடைப்பு அப்படியேதான் இருக்கும்; மூச்சு மட்டும் சுலபமானதாகப் படும். மூட்டு வலிக்குத் தேய்த்தால் தோல் சூடேறி வலி சற்று மறக்கும். சுருங்கச் சொன்னால், இது ஆறுதல் தரும் மருந்து; நோயை வேரறுக்கும் மருந்து அல்ல. சளியில் தூங்க முடியாதவருக்கு அந்த ஆறுதலே பெரிது.

வாங்கும்போது ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். காய்ந்த பிறகு எண்ணெய்க் கறை இருந்தால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. டர்பண்டைன் கலந்திருந்தால் இதில் தெரியாது. ஆகவே நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

முக்கியமாக ஒன்று. இதைக் குடிக்கக் கூடாது. சில மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தடவாதீர்கள். பெரியவர்களும் தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்தே தேய்க்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆவி பிடிக்க வேண்டாம். புட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.