கறுப்பு மெழுகுதிரி



பண்டிகை என்பது முன்னோர் வழிவழியாகத் தந்து செல்வது. அதனை ஒருவர் புதிதாக ஆக்கிவிடலாகுமோ? எம். கே. அசாந்தே 2008இல் வெளியிட்ட 'த பிளாக் கான்டில்', அதாவது 'கறுப்பு மெழுகுதிரி', என்னும் விவரணப்படத்தைக் காணுமுன் யானும் இவ்வாறே ஐயுற்றேன். அப்படத்திற்குக் குரல் தந்தவர் கவிஞர் மாயா ஏஞ்சலோ.

1965இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியிற் பெருங் கலகம் மூண்டது. மறு ஆண்டு மௌலானா கரெங்கா என்பார் ஆபிரிக்க அமெரிக்கருக்கெனக் குவான்சா விழாவை வகுத்தார். டிசெம்பர் 26 முதல் ஏழு நாள். நாளுக்கொரு திரி, நாளுக்கொரு நெறி. நடுவிலுள்ள கறுப்புத் திரியே முதலில் ஏற்றப்படும். அந்நாளின் நெறி ஒற்றுமை.

முதற்கனிகளைக் குறிக்கும் சுவாகிலித் தொடரினின்று பிறந்தது இவ்விழாவின் பெயர். சுவாகிலி கிழக்காபிரிக்க மொழி. அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்டோரிற் பெரும்பாலார் மேற்கு, மத்திய ஆபிரிக்கர். இது பொருந்துமோ என்பார் உளர். தம் மூதாதையர் பேசிய மொழி எதுவென அறியும் வழியும் பறிக்கப்பட்டவர்கள் வேறு எதனைத் தெரிவர்? பல குலத்தார்க்கும் பொதுவாய் வழங்கும் மொழியைக் கொண்டமை தக்கதேயாம்.

எத்துணைப் பழைய பண்டிகையாயினும், அதனையும் ஒருநாள் யாரோ முதன்முதலாகக் கொண்டாடியிருத்தல் வேண்டுமன்றோ?