தெருவில் நடக்கும் உரிமை
(தருமபுரியில் மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய தம்பி மார்டின் லூதர் கிங்கைப் பற்றிச் சொன்னார். மாண்ட்கோமரியில் பஸ்சில் கறுப்பர்களுக்குத் தனி இருக்கை என்பதை எதிர்த்து, 1955 டிசம்பரிலிருந்து ஓராண்டுக்கு மேல் அந்த மக்கள் பஸ் ஏறவில்லை. நாம் கட்டாயம் படிக்கணும். ஆனா தெருவில் நடப்பதற்கே உரிமை கேட்ட ஒருத்தர் நம்மிலேயே இருந்தாரே, அவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

இரட்டைமலை சீனிவாசன். 1860-ல் செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். கோவையில் அவர் படித்த இடத்தில் சுமார் 400 பிள்ளைகள். பத்துப் பேர் போக மீதி எல்லாரும் பார்ப்பனர். பழகினால் என்ன சாதி, எங்கே வீடு என்று கேட்பார்களே! அதனால் மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். அவரே எழுதியிருக்கிறார். படிச்சப்போ எனக்கு நெஞ்சை அடைச்சிது. நானும் ஹாஸ்டலில் அதைத்தானே செஞ்சேன்! எந்த ஊர்னு கேட்டா, ஊர் பேரைச் சொல்லுவேன். காலனின்னு சொல்ல மாட்டேன்.

அப்படி ஒளிந்து படித்தவர்தான் 1893-ல் பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்று பேர் வைத்தார். எதை மறைத்தாரோ அதையே அச்சடித்து விற்றார்.

பிறகு தென்னாப்பிரிக்கா போய் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அங்கே வெள்ளைக்காரன் ஒதுக்குகிறான் என்று கொதித்த நம் நாட்டுப் பெரிய மனிதர்களில் எத்தனை பேர் ஊரில் சேரியை ஒதுக்கியவர்கள்? கணக்கு யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வந்து, 1923-ல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். 1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுத்தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்த வகுப்பாரும் போகத் தடையில்லை என்றது அது. அடுத்த மாதமே அரசாணை. அன்றைக்கு தருமபுரி சேலம் ஜில்லாவில். இங்கேயும் அந்த ஆணை செல்லும்.

செல்லுபடி ஆச்சா? அரூர் பக்கம் எங்க ஊர்ல தண்டோரா போடுறவர் எங்க தாத்தா. சர்க்கார் சேதின்னா பறையை அடிச்சிக்கிட்டு ஊர்த்தெரு முழுக்கப் போவார். செருப்பு மட்டும் இடுப்புல இருக்கும். எழுபதுகளில் நான் கண்ணால் பார்த்தது. ஆணை போட்டு ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.

2012 நவம்பர் 7-ல் இதே மாவட்டத்துல நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூணு காலனியையும் கொளுத்துனாங்க. சாதி தாண்டி ஒரு கல்யாணம் நடந்துபோச்சு, அதுக்கு. உங்கள்ல சிலபேர் அப்போ பள்ளிக்கூடப் பிள்ளைங்களா இருந்திருப்பீங்க.

ஒரு வேலை சொல்றேன். இப்போ ரெட்டை டம்ளர் இல்லைங்கிறாங்க. சில கடையில ஊர்க்காரனுக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குக் காகிதக் கப். தனிப் பாத்திரம் வைக்கிறது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். லீவுக்குப் போறப்போ உங்க ஊர்க் கடையில டீ குடிங்க. யாருக்கு எதுல குடுத்தாங்க, என்ன தேதி, கூட யார் பார்த்தாங்கன்னு நோட்டுல எழுதுங்க. தனியாப் போகாதீங்க, மூணு பேரா போங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோட வாங்க, புகார் மனுவை இங்கேயே உட்கார்ந்து எழுதுவோம்.